கல்லூரிக் கட்டுரைக்கு பிரெயின்ஸ்டார்மிங் எதற்கு?

கேள்வி | 14 ஜூலை 2025

மகள் பி.காம். முதலாண்டு. தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் பிரெயின்ஸ்டார்மிங் நடக்கிறதாம். ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதைப் போர்டில் எழுதிப் போடுகிறார்களாம். மணி அடித்ததும் கலைந்துவிடுகிறார்களாம். எங்கள் காலத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஒழுங்காக எழுதினோம். கம்பெனி மீட்டிங்கில் செய்கிற வேலை கட்டுரைக்கு எதற்கு? வகுப்பு நேரத்தை ஓட்டுகிற வழி என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லலாம்.

14 ஜூலை, இரவு

மறுக்கிறேன். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பகுதி 1 தமிழ் எடுக்கிறேன். பி.காம். பிள்ளைகள்தான் அதிகம். ஒரு செக்‌ஷனில் அறுபதுக்கும் மேல்.

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். "குறிப்புகளைப் பயன்படுத்திக் கட்டுரை ஒன்று எழுதித் தலைப்பிடுக" என்று இருக்கும். அதன் கீழே முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை நடுநடுவே கோடு போட்டுக் குறிப்புகள். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது எல்லாவற்றையும் கேள்வித்தாள் எடுத்தவர் யோசித்து முடித்துவிட்டார். பிள்ளை செய்ய வேண்டியது ஒரு குறிப்புக்கு நாலு வரி.

அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. நான் தலைப்பை மட்டும் போர்டில் எழுதுகிறேன். உடனே பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்: "அம்மா, பாயிண்ட்ஸ் குடுங்கம்மா." ஒவ்வொரு வருஷமும் இதே வாக்கியம். எழுதத் தெரியாமல் கேட்பதில்லை. பாயிண்ட் கொடுத்துப் பாருங்கள், பிழையில்லாமல் இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். எதைப் பற்றி எழுதுவது என்பதைத் தாங்களே தேட வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததே இல்லை.

ஒழுங்காக எழுதினோம் என்கிறீர்கள். உங்களுக்கும் யாரோ முன்கூட்டியே பிரெயின்ஸ்டார்மிங் செய்து வைத்திருந்தார்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

15 ஜூலை

காலையில் திரும்பப் படித்தேன். கேள்வி கேட்டவரிடம் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது கம்பெனி சமாச்சாரம்தான். அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்பவர் நியூயார்க்கின் பிபிடிஓ விளம்பர நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர். விளம்பரத்துக்கு யோசனை பிடிக்கக் கையாண்ட முறையை 1940களிலும் 50களிலும் புத்தகமாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பினார். விதி நாலு: யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல்லலாம், எண்ணிக்கை முக்கியம், அடுத்தவர் சொன்னதோடு ஒட்டி வளர்க்கலாம்.

கூட்டமாக உட்கார்ந்தால் தனியாக யோசிப்பதைவிட நிறைய யோசனை வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து யோசித்த குழு ஒரு பக்கம், தனித்தனியே யோசித்த நாலு பேரின் பட்டியலை ஒன்றாக்கியது இன்னொரு பக்கம். தனியாக யோசித்தவர்கள்தான் ஜெயித்தார்கள், ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1987இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப் என்ற இரண்டு உளவியலாளர்கள் காரணத்தைத் துருவினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது யோசனை நழுவிவிடுகிறது. அதுதான் பெரிய காரணம் என்று கண்டார்கள்.

ஆகவே எடுத்த எடுப்பில் எல்லாரும் கத்த, ஆசிரியர் போர்டில் எழுதுவது உண்மையிலேயே மோசமான முறை. பேசுகிற நாலு பேர் பேசுவார்கள். மற்ற ஐம்பத்தாறு பேர் போர்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பழையபடி குறிப்புப் பெட்டி வந்துவிட்டது, இந்த முறை கரும்பலகையில்.

என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. தாள், பேனா, தலைப்பு. அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் படிக்கலாம். போர்டுக்குக் கடைசியில்தான் வருவேன், சில நாள் வரவே மாட்டேன்.

15 ஜூலை, மதியம்

"பத்து நிமிடம் அறுபது பேர் பேசாமல் இருக்கிறார்களா? எந்தக் கல்லூரி அம்மா அது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

முதல் ஹவர் என்றால் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஹவர் என்றால் இன்னும் அமைதியாக இருப்பார்கள், தூங்கிக்கொண்டு.

17 ஜூலை

உதாரணம் கேட்டார்கள். ஒரு மாணவியின் தாளைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம்.

தலைப்பு: மகளிருக்கு இலவசப் பேருந்துப் பயணம். 2021 மே மாதத்திலிருந்து நடக்கிற திட்டம். வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் வந்து போகிறார்கள். விதி: இருபது வரிக்குக் குறையாமல் பட்டியல் போட வேண்டும். முழு வாக்கியம் வேண்டாம், எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், எழுதியதை அடிக்கக் கூடாது.

மேலே இருந்தவை: பெண்கள் முன்னேற்றம். பொருளாதாரச் சேமிப்பு. கல்வி வளர்ச்சி. அரசின் சாதனை. சுயசார்பு. இவை எல்லாத் தாளிலும் இருக்கும். செய்தித்தாளும் மேடைப்பேச்சும் காதில் போட்டு வைத்தவை. ஏழெட்டு வரியில் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும். அங்கே பேனா நிற்கும். ஜன்னலைப் பார்ப்பார்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள், "போதுமாம்மா?" என்பார்கள். போதாது என்பேன். அந்த இரண்டு நிமிடம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், அவர்களுக்கும் எனக்கும்.

அதற்குப் பிறகு அவள் எழுதியவை, நினைவிலிருந்து:

கண்டக்டர் காசில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது முகம் பார்ப்பதில்லை
ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர் தள்ளிப் போய் நிறுத்துகிறார்
அம்மா இப்போது வாரச் சந்தைக்குத் தனியாகப் போகிறாள்
மிச்சக் காசு அப்பா பைக் பெட்ரோலுக்குப் போகிறது
எங்க ஊருக்கு கவர்மெண்ட் டவுன் பஸ் காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு
மத்த நேரம் பிரைவேட் பஸ்தான், அதில் காசு
காலேஜ் விடும் நேரத்துக்கு அந்த சாயங்கால பஸ் இல்லை

கடைசி மூன்று வரியைப் பாருங்கள். கட்டுரை அங்கே இருக்கிறது. திட்டம் எல்லாப் பெண்களுக்கும்தான். ஆனால் அரசு டவுன் பஸ் எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஒரு ஊரில் இலவசம், இன்னொரு ஊரில் பெயரளவுக்கு. இதை அவளுக்கு நான் சொல்லித்தந்திருக்க முடியாது. எனக்கு அவள் ஊர் பஸ் நேரம் தெரியாது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்திருந்தால் முதல் ஐந்து வரியோடு கட்டுரை முடிந்திருக்கும், எழுபது சதவீத மார்க்கும் வாங்கியிருப்பாள். சட்டகம் தப்பென்று சொல்லவில்லை. அது வரிசைப்படுத்தத்தான் உதவும். வரிசைப்படுத்த ஏதாவது கையில் இருக்க வேண்டுமே.

17 ஜூலை, பிறகு

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கடைசியில் வருவதெல்லாம் நல்ல சரக்கு என்று படித்தால் தோன்றும். இல்லை. அதே வகுப்பில் ஒரு பையனின் பட்டியலில் பதினைந்தாவது வரி "பஸ்ஸில் போடும் பாட்டு", பதினாறாவது அந்தப் பாட்டின் முதல் அடி, பதினேழாவது இரண்டாம் அடி. இருபதை எட்டிவிட்டான். எண்ணிக்கை சரியாக இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பார்ன் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

20 ஜூலை

"பரீட்சையில் இதற்கெல்லாம் ஏது நேரம்? மூணு மணி நேரத்தில் கைவலிக்க எழுதினாலே முடிவதில்லை."

பள்ளிப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவே பத்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மின்விசிறியைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. நம் பிள்ளைகளே பின்னால் யுபிஎஸ்சிக்குத் தயாராகும்போது பாருங்கள். மெயின்ஸில் கட்டுரைத் தாள் 250 மார்க். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்கு மேல், தமிழிலும் எழுதலாம். கோச்சிங் போனவர்களைக் கேளுங்கள். எடுத்தவுடன் எழுத ஆரம்பிக்காதே, கடைசிப் பக்கத்தில் ரஃப் போடு, மனதில் வருவதையெல்லாம் கொட்டு என்றுதான் சொல்லித்தருகிறார்கள். அங்கே காசு கட்டிக் கற்றுக்கொள்வதை இங்கே முதலாண்டில் நான் சும்மா சொல்லித்தந்தால் நேரத்தை ஓட்டுகிறேன் என்கிறீர்கள்!

பரீட்சையில் பத்து நிமிடம் வேண்டாம், மூன்று நிமிடம் போதும். ஆனால் மூன்று நிமிடத்தில் செய்ய, பழகியிருக்க வேண்டும்.

23 ஜூலை

இந்த முறை எங்கே படுத்துக்கொள்கிறது என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

தெரிந்த விஷயத்துக்குத்தான் பட்டியல் வரும். "சங்க கால வணிகம்" என்று தலைப்புக் கொடுத்தேன். பண்டமாற்று, உப்பு, மிளகு, கப்பல், ரோமாபுரி. நின்றுவிட்டது. இன்னும் யோசி, இன்னும் யோசி என்றால் எங்கிருந்து வரும்? இல்லாததை மூளையைக் கசக்கி வரவழைக்க முடியாது.

அப்போது வேறு மாதிரி செய்ய வேண்டியிருந்தது. தெரிந்ததை எழுதாதே, தெரியாததை எழுது, எல்லாம் கேள்வியாக எழுது என்றேன். பி.காம். பிள்ளைகள் அல்லவா, கேள்விகள் பிரமாதமாக வந்தன. கடன் கொடுத்தார்களா? லாபம் எவ்வளவு வைப்பார்கள்? கலப்படம் உண்டா? கணக்கு எழுதினார்களா? வரி யார் வாங்கினார்?

அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பட்டினப்பாலைக்குள் போனோம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. சுங்கம் கொள்வோர் அவற்றின் மேல் சோழனின் புலி முத்திரை பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். "அப்போ ஜிஎஸ்டி பில்லும்மா" என்றான் ஒருவன். லாபக் கேள்விக்கும் அதே பாட்டில் பதில் இருக்கிறது: "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது." வாங்கும்போது கூடுதலாக எடுப்பதில்லை, விற்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை. இந்த வரியைப் பாடமாக நடத்தியபோது கொட்டாவி விட்டவர்கள், தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தபோது எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே நான் 17ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். சொந்த அனுபவத் தலைப்புக்கு நினைவுப் பட்டியல், பாடத் தலைப்புக்குக் கேள்விப் பட்டியல். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலை செய்யாது.

24 ஜூலை

அமெரிக்காவில் இளங்கலைக்கு விண்ணப்பிக்கும் அண்ணன் மகளுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்கிறார். காமன் ஆப் (அங்கே பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பம்) கட்டுரை என்றால் உச்சவரம்பு 650 சொல். அங்கேயும் முதலில் வருவது எல்லாருக்கும் வருவதுதான்: கஷ்டப்பட்டேன், விளையாட்டில் தோற்றேன், பாட்டியிடம் கற்றேன். அவளை உட்காரவைத்து நீளப் பட்டியல் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பெரியவர்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவாள்.

29 ஜூலை

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நொடியில் ஐம்பது பாயிண்ட் தருமே."

தரும். கேட்டுப் பார்த்தேன், அதே இலவசப் பேருந்துத் தலைப்பை. பெண்கள் முன்னேற்றம், பொருளாதாரச் சேமிப்பு, கல்வி வாய்ப்பு, சமூகப் பங்கேற்பு, சுற்றுச்சூழல் நன்மை. அழகான வரிசை, பிழையில்லாத தமிழ். என் மாணவியின் முதல் ஏழெட்டு வரிதான், நன்றாகச் சீவி முடித்துப் பூ வைத்திருந்தது. சாயங்கால பஸ் அதில் இல்லை. எப்படி இருக்கும்?

அதற்காகத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை. ஒரு பயன் கண்டேன். மாணவர் தன் பட்டியலை முடித்த பிறகு அதன் பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வைக்கட்டும். அதில் இருப்பதையெல்லாம் தன் தாளில் அடித்துவிடட்டும். மிச்சம் நிற்பதை வைத்து எழுதட்டும். சிலர் தாளில் ஒன்றுமே மிஞ்சவில்லை, முகம் தொங்கிப்போயிற்று. அப்படியானால் இன்னும் பத்து நிமிடம் உட்கார் என்றேன்.

முதலிலேயே அதைக் கேட்டால் என்ன ஆகிறது என்றால், அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்கிறார்கள். பத்தாம் வகுப்புக் குறிப்புப் பெட்டி இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

30 ஜூலை

நேற்று எழுதியதில் சூடு கொஞ்சம் அதிகம். மாணவர்கள் மேல் கோபமில்லை. ஒரே வாரத்தில் நாலு பாடத்துக்கு அசைன்மென்ட் கேட்டால் யாராக இருந்தாலும் குறுக்குவழிதான் பார்ப்பார்கள். நான்கூட டிபார்ட்மென்ட் அறிக்கை எழுதும்போது போன வருஷ ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிறேன்.

4 ஆகஸ்ட்

எழுதவே வராத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்றார் ஒரு தோழி, அவரும் ஆசிரியர்.

பேனா பிடித்தால் கை உறைந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். தலைப்பைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்வதுபோல் நாலு நிமிடம் பேசி எனக்கு அனுப்பு என்பேன். பேச்சு அருவியாகக் கொட்டும். "அது வந்தும்மா", "என்னான்னா" எல்லாம் இருக்கும், நடுவில் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். பிறகு தன் குரலைத் தானே கேட்டு, முக்கியமென்று படுவதைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். தன்னிடம் இவ்வளவு இருந்ததா என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

பட்டியலைத் தங்கிலீஷில் எழுதினாலும் விட்டுவிடுகிறேன். "bus late" என்று ஆங்கில எழுத்தில் குறித்தால் குடி முழுகிவிடாது. தமிழ் டிபார்ட்மென்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வதால் ஸ்டாஃப் ரூமில் எனக்கு நல்ல பேர் இல்லை. யோசிக்கும்போதே மொழியையும் திருத்தச் சொன்னால் இரண்டும் கெடும். திருத்துகிற நேரம் தனியாக வருகிறது, அப்போது ஒற்று மிகும் இடம்கூட விடமாட்டேன்.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973லேயே இதன் நெருங்கிய உறவு ஒன்றைப் பரப்பினார்: பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுதுவது, ஒன்றும் தோன்றாவிட்டால் ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதுவது. எங்கள் வகுப்பில் அதுவும் நடந்தது. ஒருவன் ஒரு பக்கம் முழுக்க "ஒன்றும் தோன்றவில்லை" என்று எழுதினான். கையெழுத்து மட்டும் போகப் போக நன்றாக வந்திருந்தது. எனக்குப் பட்டியல்தான் தோது.

9 ஆகஸ்ட்

நன்னூல் எடுக்கும்போது தோன்றியது. பத்துக் குற்றம் என்று பவணந்தி முனிவர் ஒரு வரிசை சொல்கிறாரே, கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல். முதலாண்டுக் கட்டுரைகளைத் திருத்திவிட்டு எழுதியதுபோல் இருக்கும். முன்னுரையில் சொன்னதையே முடிவுரையில் சொல்வது கூறியது கூறல். நயமும் பொருளும் இல்லாமல் சொல்லைக் கோப்பது வெற்றெனத் தொடுத்தல். முதல் பக்கம் கம்பீரமாகத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் "இவ்வாறு பல நன்மைகள் உள்ளன" என்று அவிந்துபோவது சென்று தேய்ந்து இறுதல். இந்த மூன்றுக்கும் அடிக் காரணம் ஒன்றே: கையிருப்பு இரண்டு பாயிண்ட், நிரப்ப வேண்டியது மூன்று பக்கம். நடைப் பயிற்சி கொடுத்து இதைத் திருத்த முடியாது.

அதே வரிசையில் மற்றொன்று விரித்தலும் உண்டு. பட்டியல் போடும் பத்து நிமிடத்துக்கு மட்டும் அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்த இழைக்கும் அதே மன்னிப்பு.

16 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மகளின் தாளைப் பார்த்தாராம். "பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரையில் அத்தனையையும் திணித்து வைத்திருக்கிறாள், தலையும் வாலும் புரியவில்லை. இதுதான் உங்கள் முறையின் லட்சணமா?"

இது நல்ல அடி. பட்டியலோடு நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். சொல்லித்தருகிற பலரும் (அந்த வகுப்பையும் சேர்த்து, கலைந்துவிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்) இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் அதே தாளைக் கையில் கொடுத்து, இருபதில் ஐந்தை மட்டும் வட்டமிடு, அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். வட்டமிடுவதுதான் உண்மையில் சிரமம். தான் யோசித்ததை விட மனசு வராது. பேருந்து மாணவி, அம்மா சந்தைக்குப் போகும் வரியை விடவே மாட்டேன் என்று நின்றாள். நல்ல வரிதான், ஆனால் பஸ் நேரத்தைப் பற்றிய கட்டுரையில் அது தனியாகத் தொங்கியது. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள்: சந்தை நாளில் அம்மா காலை பஸ்ஸில் இலவசமாகப் போகிறாள், மதியம் பிரைவேட் பஸ்ஸில் காசு கொடுத்துத் திரும்புகிறாள்.

உங்கள் மகளையும் ஐந்தை வட்டமிடச் சொல்லுங்கள். நீங்கள் வட்டமிட்டுக் கொடுக்காதீர்கள்.

22 ஆகஸ்ட்

மார்க் பற்றிக் கேட்டவருக்கு: இன்டர்னல் 25இல் அசைன்மென்டுக்கு உள்ளதில் ஒரு பங்கைப் பட்டியல் தாளுக்கே வைத்தேன். கட்டுரை எப்படி இருந்தாலும் இருபது வரி இருந்தால் அந்த மார்க் உண்டு. விளைவு, இரண்டு தாள் அச்சு அசலாக ஒன்றாக வந்தன. "சேமிப்பு" என்பதைச் "சேமிபு" என்று எழுதிய இடம் உட்பட. பட்டியலைக் காப்பி அடிக்கிற திறமையை நான் எதிர்பார்க்கவில்லை, ரசிக்காமலும் இருக்க முடியவில்லை.

இப்போது பட்டியல் வகுப்பிலேயே நடக்கிறது, வீட்டுக்குக் கிடையாது. மணி அடித்ததும் தாளை வாங்கி என் பீரோவில் வைத்துவிடுகிறேன், வட்டமிடும் நாளில் திருப்பித் தருகிறேன். பீரோவில் இடம் போதவில்லை. அட்டை ஃபைல் மொத்தமாக மலிவாகக் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.